முத்தும் முட்டையும்

தூத்துக்குடி என்றதும் முத்து நினைவுக்கு வருவது இயல்பு. பக்கத்துக் கொற்கையின் முத்தைத் தேடி யவனர் கப்பல் வந்த காலத்திலிருந்து இந்தக் கரைக்கு அதுவே அடையாளம். ஆயினும் 1955-ஆம் ஆண்டு தொடங்கி 1961 வரை நடந்த சலாபத்துக்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு இங்கே நடைபெறவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வூரில் சிப்பிக்குள் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். எனினும் தோணிகள் வரிசை வரிசையாகக் கடலேறிய அந்தக் காட்சி பெரியவர்களின் நினைவில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

முத்து எதனால் ஆனது என்று ரசாயன நூல் கற்றவரைக் கேட்டால், பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பார். கிளிஞ்சலும் அதே பொருள்தான். அதைச் சுட்டு நீற்றித்தான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுக்கிறோம். கோழிமுட்டையின் ஓடும் அதே பொருள்தான். சிப்பி பல ஆண்டு கடலடியில் கிடந்து செய்வதை, நம் கொல்லைப்புறத்துக் கோழி ஏறக்குறைய 20 மணி நேரத்தில் தன் வயிற்றுக்குள் செய்து முடிக்கிறது. அந்தக் கோழியை இந்த ஊரில் வளர்ப்பதில் நமக்கு நேர்ந்த நஷ்டத்தையும், அதனால் கற்ற பாடத்தையும் நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். முட்டை உண்ணாத இல்லத்தாரும் இதைப் படிக்கலாம், படிப்பதில் தோஷமில்லை!

இருபது ஏழான கதை

கோழி வளர்ப்பது எளிது என்று எண்ணித்தான் நாமும் தொடங்கினோம். தோட்டமென்று சொல்லத்தக்க சிறு கொல்லை, ஒரு முருங்கை மரம், ஒரு கிணறு, பழைய பஞ்சாரம் ஒன்று ஆகிய இவையே நம் மூலதனம். பிறந்து ஒரு நாளான 20 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் வாங்கி வந்தோம். வீட்டுச் சிறுமி அவற்றுக்குத் தன்னைத் தானே காவலாக நியமித்துக்கொண்டாள். பள்ளிக்குப் போகுமுன் ஒரு முறையும், வந்தபின் ஒரு முறையும் எண்ணிப் பார்ப்பது அவள் வழக்கம்.

முதல் வாரம் முழுதும் கணக்குக் குறையவில்லை. குஞ்சுகளுக்கு மீன்தூள் நல்லதென்று எங்கோ கேள்விப்பட்டிருந்தோம். அடுக்களையில் மீந்திருந்த கருவாட்டை இடித்துக் குருணையோடு கலந்து வைத்தோம். தண்ணீருக்குத்தான் கிணறு இருக்கிறதே! நீர் சற்றே கரித்தது; குஞ்சுக்கு என்ன தெரியப் போகிறது என்று எண்ணினோம்.

குஞ்சுக்குத் தெரிந்திருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. எட்டாம் நாள் குஞ்சுகள் ஓயாமல் தண்ணீரில் அலகை வைத்தன. எச்சம் நீராய்ப் போயிற்று. கால்கள் தள்ளாடின. வயிறு உப்பி, வாயைத் திறந்து திறந்து மூச்சுவிட்டன. அன்று மாலை சிறுமி எண்ணியபோது 17. மறுநாள் காலை 12. மாலையில் பள்ளியிலிருந்து வந்தவள் எண்ணாமலே அறைக்குள் போய்விட்டாள்.

வியாதி என்று நினைத்து மருந்துக்கு ஓட எழுந்தபோது, அடுத்த வீட்டு ஆச்சி வேலியோரம் வந்து நின்று பார்த்தார். அறுபது ஆண்டாகக் கோழி வளர்த்த கை அது.

"தம்பி, இதுகளுக்குக் கருவாட்டையா போட்டிய? உப்புக் கருவாடா?"

"ஆமாம் ஆச்சி."

"தண்ணி?"

"கிணற்றுத் தண்ணீர்தான்."

"கொஞ்சம்போல உயிருக்கு உள்ளேயும் உப்பு, வெளியேயும் உப்பு. அப்புறம் என்ன செய்யும் பாவம்!"

இறந்த குஞ்சு ஒன்றைக் கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். வயிற்றுக்குள் நீர் கோத்திருந்தது. ஆச்சி சொன்னதையே அவரும் சொன்னார். கோழித் தீவனத்தில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் உப்பு இருத்தல் ஆகாது. கருவாட்டிலோ அதைப்போல் பல மடங்கு உப்பு ஏறியிருக்கிறது. வளர்ந்த கோழி ஓரளவு தாங்கும். குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. உடனே தீவனத்தை மாற்றிக் குழாய்த் தண்ணீரை வைத்தோம். 7 குஞ்சுகள் பிழைத்தன.

தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி விளையும் கரை இது. ஊரைச் சுற்றிலும் உப்பளங்கள். நிலத்தடி நீரிலும் உப்பு. குடிக்க நல்ல தண்ணீருக்கே இவ்வூரார் நெடுங்காலம் பட்ட பாட்டினால்தான், வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே கொணர்ந்த நகரசபைத் தலைவர் குரூஸ் பர்னாந்து அவர்களை ஊர் இன்றும் போற்றுகிறது. மனிதனுக்கு ஆகாத தண்ணீர் விரலளவு உயிருக்கு ஆகும் என்று நினைத்தது நம் அறியாமை. 'நீ குடிக்கும் தண்ணீரையே குஞ்சுக்கு வை' என்பதே கடற்கரை ஊர்களில் கோழி வளர்ப்போருக்கு முதல் விதி.

தாயில்லாக் குஞ்சுக்கு

தாயோடு திரியும் குஞ்சுக்குத் தாயின் சிறகே வீடு. விலைக்கு வாங்கிய குஞ்சுக்கு அந்தச் சூட்டை நாம்தான் தரவேண்டும். முதல் வாரம் பாரன்ஹீட் 95 டிகிரி அளவு வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்ற கணக்கில், சூடு தரும் பழைய மாதிரிக் குண்டு பல்பைத் தொங்கவிட்டால் போதும். வெளிச்சம் மட்டும் தரும் புது விளக்குகள் இதற்கு உதவா. நம் ஊர்ப் பகலில் பல்பு பெரும்பாலும் வேண்டியதில்லை. கடற்காற்று வீசும் இரவிலும் மழை நாளிலும் அவசியம் வேண்டும்.

வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குஞ்சுகளே வெப்பமானி. விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்தால் குளிர் அதிகம். ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தும் உறங்கியும் இருந்தால் சரியான பதம். நெருக்கியடிப்பதைக் கவனியாமல் விட்டால் அடியில் அகப்பட்டவை மூச்சு முட்டி இறந்துபோகும்.

தரையில் உமியை இரண்டு அங்குலம் பரப்பி, முதல் சில நாட்களுக்கு மேலே காகிதம் விரிக்க வேண்டும். இல்லாவிடில் உமியையே தீனியென்று கொத்தும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும். உமி நனைந்தால் அன்றே மாற்றவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தை அலட்சியம் செய்தால் ரத்தக் கழிச்சல் வந்து குஞ்சுகளை வாரிக்கொண்டு போகும். பூனை, பெருச்சாளி, காகம் ஆகிய மூன்றும் நம்மைவிடச் சுறுசுறுப்பானவை என்பதையும் மறக்கலாகாது.

முதல் இரு மாதங்களுக்குக் குஞ்சுத் தீவனமே உத்தமம். நூற்றுக்கு 20 பங்கேனும் புரதம் உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும். குருணையையும் கம்பையும் மட்டும் போட்டு வளர்த்தால் குஞ்சு பிழைக்கும், வளராது. கையில் காசில்லாத காலத்திலும் நம் கிராமத்தார் இதற்கு வழி கண்டிருந்தார்கள். பழைய பானை ஒன்றில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மக்கிய ஓலை ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் எடுத்துப் பார்த்தால் பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட உயர்ந்த விருந்து இல்லை.

மீன் வேண்டுமானால் அதுவும் இக்கரையில் உண்டு. உப்புப் போடாமல் மணலில் வெறும் வெயிலில் காயவைத்த காரற்பொடி கோழித் தீவனத்துக்கென்றே விற்கிறது. அதையும் நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி உலர்த்தி, இடித்து, தீவனத்தில் சிறிதளவு கலப்பதே நலம்.

ராணிகேத்தும் ராணிப்பேட்டையும்

உப்பு தப்பினாலும் தப்பவொண்ணாத சத்துரு ஒன்று உண்டு. நாட்டுப்புறத்தில் வெள்ளைக்கழிச்சல் என்பது அதன் பெயர். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கோழி மூச்சுக்குத் திணறும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். தெருவில் ஒரு வீட்டுக்கு வந்தால் மறுவாரம் எல்லா வீட்டுப் பஞ்சாரமும் காலி. 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்துப் பக்கத்திலும் இது கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுக்குள் இமயமலைச் சாரலில் உள்ள ராணிகேத் என்னும் ஊரருகே காணப்படவே, நம் நாட்டில் இதற்கு 'ராணிகேத் நோய்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வந்தபின் இதற்கு மருந்தில்லை. வருமுன் காப்பது ஒன்றே வழி. முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காம் வாரத்தில் மறுபடி ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் தோலுக்கடியில் ஊசி. இதுதான் முறை. தமிழ்நாட்டில் இதற்கான தடுப்பு மருந்தைத் தயாரிக்கும் அரசாங்க நிலையம் இருக்குமிடம் ராணிப்பேட்டை. நோய்க்கு ராணிகேத், மருந்துக்கு ராணிப்பேட்டை! ஞாபகம் வைத்துக்கொள்ள இதைவிட எளிய வழி உண்டா? அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் விசாரித்தால் தடுப்பூசி போடும் நாளைச் சொல்வார்கள். ஒரு வேளை அலைச்சலுக்குச் சோம்பி ஒரு கூட்டுக் கோழிகளையும் இழந்தவர்களை நாம் அறிவோம்.

தோல்முட்டை

பிழைத்த 7 குஞ்சுகளில் 5 பெட்டை, 2 சேவல். ஏழாம் மாதத்தில் ஒரு பெட்டையின் கொண்டை சிவந்தது. மூலை மூலையாகப் புகுந்து இடம் தேடியது. ஒருநாள் கொக்கரிப்புக் கேட்டுச் சிறுமி ஓடினாள். கையில் எடுத்து வந்தது முட்டைதான், ஆனால் ஓடில்லை. தொட்டால் அமுங்கும் தோல்முட்டை. அடுத்த நாளும் அப்படியே.

இம்முறை நாம் நேரே ஆச்சியிடம் போனோம். அவர் சிரித்தார். "கடலை வாசல்ல வச்சுக்கிட்டுக் கிளிஞ்சலுக்குப் பஞ்சமா தம்பி?" என்றார்.

விஷயம் இதுதான். ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். தீனியில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அதுவும் தீர்ந்தால் தோல்முட்டை. அதற்கும் மேலே போனால் கோழிக்குக் கால் முடம். கடற்கரைக் கிளிஞ்சலை அள்ளி வந்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கி, காயவைத்து, அரிசிக் குருணையை விடச் சற்றுப் பெரிதாக உடைத்து, தனிச் சட்டியில் வைக்கவேண்டும். தீவனத்தோடு கலக்க வேண்டியதில்லை. எந்தக் கோழிக்கு எவ்வளவு தேவை என்பதை அந்தக் கோழியே அறியும். ஓடு இரவில் உருவாகிறபடியால் மாலையில் கோழிகள் சட்டியைத் தேடி வரும். ஆனால் இதுவும் முட்டையிடும் கோழிக்கு மட்டுமே. வளரும் குஞ்சுக்கு மிகையான சுண்ணாம்பைக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும்.

பத்தாம் நாள் கிடைத்த முட்டை இளஞ்சந்தன நிறத்தில், தட்டினால் ஒலிக்கும் ஓட்டோடு இருந்தது. சிறுமி அதை யாரையும் தொடவிடவில்லை.

அக்கினி நட்சத்திரத்தில் ஓடு மறுபடி மெலிந்தது. கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைப் போக்கும். அப்படி இரைக்கையில் ஓட்டுக்கு வேண்டிய கரியமில வாயுவும் ரத்தத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. மரநிழலும், மண்பானைக் குளிர்ந்த தண்ணீரும், விடியற்காலைத் தீனியுமே அதற்கு வைத்தியம்.

ஒரு சந்தேகத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். உண்பதற்கான முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். நெருக்கமான தெருவில் குடியிருப்போர் பெட்டைகளை மட்டும் வளர்த்தால், அதிகாலை மூன்று மணிக்கு அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தை இழக்கமாட்டார்கள். குஞ்சு பொரிக்க மட்டுமே சேவல் வேண்டும்.

சிறுவாடு

இதனால் லாபம் உண்டா என்று கேட்கும் நேயர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறோம். பண்ணையில் வளரும் வெள்ளைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடும். நம் சிறுவிடைக் கோழி 60 முதல் 80 வரை இட்டால் அதிகம். நடுவில் அடைக்குப் படுத்து ஓய்வும் எடுத்துக்கொள்ளும். நாமக்கல் பண்ணைகளோடு கொல்லைக்கோழி போட்டியிட முடியாது. அங்கிருந்து லாரியில் வரும் முட்டைகள் குளிர்ப்பெட்டிகளில் ஏறி, வளைகுடா நாடுகளுக்கு நம் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகவே போகின்றன. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி வெள்ளையனோடு கடலில் போட்டியிட்ட வ.உ.சிதம்பரம் பிள்ளையின் பெயரையே 2011 முதல் அத்துறைமுகம் தாங்கியிருக்கிறது. அவர் ஊரிலிருந்து நம் நாட்டுச் சரக்கு வெளிநாடு போவது பெருமைதான்.

கொல்லைக்கோழியின் கணக்கு வேறு. ஐந்து கோழி ஆண்டுக்கு 300-க்கு மேல் முட்டை தரும். சோற்றுப் பருக்கையையும் கீரைத் தண்டையும் புழு பூச்சியையும் உணவாக்கிக்கொள்ளும். குழந்தைகளின் தட்டில் நேற்றிட்ட முட்டை விழும். மீந்ததை விற்ற காசு, வீட்டுப் பெண்களின் சிறுவாடு. நம் ஆச்சி கணவரை இழந்த பிறகு, இரு பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்தையும் முட்டைக் காசிலேயே வாங்கியதாகச் சொன்னார். கேட்டுப் பெறாத காசு அது. அதன் மதிப்பு சந்தை விலையில் அடங்காது.

மறுபடி எண்ணிக்கை

சென்ற தை மாதம் ஒரு பெட்டை அடைக்குப் படுத்தது. பனையோலைக் கடகத்தில் மணல் பரப்பி, ஒரு வாரத்துக்கு உட்பட்ட 11 முட்டைகளை ஆச்சியின் கையாலேயே வைக்கச் செய்தோம். இடி இடித்தால் முட்டை கெடும் என்று அவர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் மிளகாயும் பக்கத்தில் வைத்தார். இடிக்கு இவை காவலோ அல்லவோ, ஆச்சியின் மனத்துக்கு ஆறுதல், நாம் தடுக்கவில்லை. ஏழாம் இரவில் முட்டைகளை ஒவ்வொன்றாக டார்ச் விளக்கின் முன் பிடித்துப் பார்த்தோம். உயிருள்ள முட்டையில் சிலந்தி வலைபோல் ரத்த நாளங்கள் தெரிந்தன. 2 கூமுட்டை, அவற்றை நீக்கினோம். 21-ஆம் நாள் 9 குஞ்சுகள் வெளிவந்தன.

கருவாடு கிடையாது. கிணற்றுத் தண்ணீர் கிடையாது. சொட்டு மருந்து ஏழாம் நாளே போட்டாகிவிட்டது. கிளிஞ்சற் சட்டி தாய்க்கோழிக்கு எட்டும், குஞ்சுகளுக்கு எட்டாது. கடல் கொடுத்ததில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று 13 குஞ்சுகளை விலையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

மூன்றாம் வார முடிவில், பள்ளியிலிருந்து வந்த சிறுமி பையைத் திண்ணையில் எறிந்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் உரக்க எண்ணுவது நம் காதில் விழுந்தது. ஒன்பது வரை எண்ணினாள்.